கடைசி கேண்டிலின் கனம்

ஐந்து நாள் டபிள்யூஎம்ஏவின் கணக்கு இவ்வளவுதான். இன்றைய முடிவு விலையை 5-ஆல் பெருக்கு. நேற்றையதை 4-ஆல், முந்தாநாளையதை 3-ஆல், அதற்கும் முந்தையதை 2-ஆல். ஐந்தாவது நாள் விலையை அப்படியே வை. எல்லாவற்றையும் கூட்டி 15-ஆல் வகு. பத்து நாளென்றால் வகுப்பது 55-ஆல், இருபது நாளென்றால் 210-ஆல். எடையிட்ட நகரும் சராசரி என்று பெயர் கனமாக இருந்தாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். எக்செல்லில் சம்ப்ராடக்ட் ஒரே வரியில் முடித்துவிடும்.

இதை முதலில் எழுதிவைக்கக் காரணம் உண்டு. சார்ட்டில் நீலக் கோடாக வந்து விலைக்கு அடியில் உட்கார்ந்ததும் 'கோடு தாங்குது', 'கோடு தள்ளுது' என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பெருக்கிக் கூட்டி வகுத்த ஓர் எண் எதைத் தாங்கும்?

*

எல்லா நாளுக்கும் ஒரே எடை தரும் சாதா சராசரியின் மேல் ஒரு பழைய புகார். நான்கு வாரத்துக்கு முன் ஒரே ஒரு நாள் விலை பாதாளத்துக்குப் போய் மறுநாளே மீண்டது என்று வையுங்கள். அந்த நாள் இருபது நாள் கணக்கைவிட்டு விழுகிற அன்று, மார்க்கெட் அசையாமல் கிடந்தாலும் கோடு மேலே துள்ளும். பார்ப்பவர் டிரெண்ட் திரும்பிவிட்டது என்பார். திரும்பியது டிரெண்ட் அல்ல, காலண்டர்.

டபிள்யூஎம்ஏவில் அதே நாள் வெளியேறும்போது அதன் பங்கு 210-ல் 1. யாருக்கும் தெரியாமல் போய்விடும். பாதிப்பு இல்லாமல் போகவில்லை. தினம் 210-ல் ஒன்றாகக் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே சாதா சராசரியைவிட இதை விரும்புகிறவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் பிடித்த காரணம். வேகம் என்று சொல்லப்படுவது அடுத்தபடிதான்.

*

2024 மக்களவைத் தேர்தல் வாரத்தை எடுத்துக்கொண்டு கையால் போட்டுப் பார்க்கலாம். நிஃப்டியின் முடிவுகள்: மே 29 - 22,704.70, மே 30 - 22,488.65, மே 31 - 22,530.70, சனிக்கிழமை மாலை எக்ஸிட் போல் வந்தபின் திங்கள், ஜூன் 3 - 23,263.90, வாக்கு எண்ணிய செவ்வாய், ஜூன் 4 - 21,884.50, புதன், ஜூன் 5 - 22,620.35.

மே 29-க்கு முந்தைய இரண்டு நாள் முடிவுகளையும் சேர்த்துப் போட்டால் ஐந்து நாள் டபிள்யூஎம்ஏ மே 31-ல் 22,629. விலை அதற்குக் கீழே. ஜூன் 3-ல் கோடு 22,814; விலை ஏறக்குறைய 450 புள்ளி மேலே. 'கோட்டுக்கு மேல் முடிந்தால் வாங்கு, கீழே முடிந்தால் வில்' என்ற விதியை வைத்திருந்தவர் அன்று வாங்கியிருப்பார். மறுநாள் கோடு 22,517, விலை 21,884. விற்றிருப்பார். 1,379 புள்ளி போச்சு. அதற்கடுத்த நாள் கோடு 22,532, விலை 22,620. விதிப்படி மறுபடியும் வாங்க வேண்டும், விற்ற விலையைவிட 736 புள்ளி கூடுதலாகக் கொடுத்து.

எடை போட்டதால்தான் இப்படிப் பதறியது, சாதா சராசரி நிதானமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும். அதையும் போட்டால் அந்த மூன்று நாட்களுக்கு 22,775, 22,574, 22,558 என்று வருகிறது. மே 31-ல் விலை அதற்கும் கீழேதான் இருந்தது. ஆக அதே மூன்று நாள், அதே மூன்று கட்டளை, அதே நட்டம். எக்ஸிட் போல் எதிர்பார்ப்பு பொய்த்துப்போனதை எந்த எடையும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. முந்தைய நாள் ஏற்றத்துக்கு அதிகக் கனம் கொடுக்கிற சூத்திரம் மறுநாள் வீழ்ச்சிக்கும் அதே கனத்தைத்தான் கொடுக்கும்.

*

மேலே உள்ள எண்களில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஜூன் 4-லிருந்து 5-க்குக் கோடு 15 புள்ளி ஏறியது. ஏன் 15? ஜூன் 5-ன் முடிவு விலை 22,620. முந்தைய நாள் வரையிலான சாதா சராசரி 22,574. வித்தியாசம் 46. அதில் மூன்றில் ஒரு பங்கு 15.

தற்செயல் இல்லை. முந்தைய நாளின் இறக்கத்தைப் பாருங்கள். 21,884-க்கும் அதற்கு முந்தைய நாள் சாதா சராசரியான 22,775-க்கும் வித்தியாசம் 891. மூன்றில் ஒரு பங்கு 297. கோடு இறங்கியதும் சரியாக 297. இதை எந்த வாரத்துக்கு வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். இன்றைய விலையிலிருந்து நேற்றைய சாதா சராசரியைக் கழித்து, நாட்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதன் பாதியால் வகுத்தால், டபிள்யூஎம்ஏ இன்று எவ்வளவு நகர்ந்தது என்று வந்துவிடும். ஐந்து நாளுக்கு வகுப்பது 3-ஆல். இருபது நாளுக்கு 10.5-ஆல்.

காரணம் எளிது. ஒரு நாள் நகரும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு விலையும் ஒரு படி இறங்குகிறது. அதாவது பழைய விலைகள் எல்லாவற்றையும் ஒருமுறை கழிக்கிறோம், புதிய விலையை முழு எடையில் சேர்க்கிறோம். பழைய விலைகளின் கூட்டுத்தொகைதான் நேற்றைய சாதா சராசரியின் தொகுதி.

இதன் விளைவு சின்னதல்ல. 'டபிள்யூஎம்ஏ மேல்நோக்கித் திரும்பியது' என்பதும் 'விலை நேற்றைய சாதா சராசரிக்கு மேல் முடிந்தது' என்பதும் ஒரே சம்பவம். நாட்களின் எண்ணிக்கை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சார்ட்டில் இரண்டையும் போட்டு 'ரெண்டு இண்டிகேட்டரும் கன்ஃபர்ம் பண்ணுது' என்று லாட்டைக் கூட்டுகிறவர் ஒரே சாட்சியை இரண்டு சட்டை மாற்றிக் கூண்டில் ஏற்றுகிறார்.

பயனும் உண்டு. நாளை கோடு திரும்ப விலை எதற்கு மேல் முடிய வேண்டும் என்பதை இன்று இரவே எழுதிவைத்துவிடலாம். இன்றைய சாதா சராசரி எதுவோ அதுதான் அந்த விலை. ஜூன் 7, வெள்ளிக்கிழமை முடிவில் அது 22,776. திங்களன்று அதற்கு மேல் முடிந்தால் கோடு ஏறும், கீழே முடிந்தால் இறங்கும். திரையைப் பார்த்துக்கொண்டு 'வளையுதா, வளையலையா' என்று கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை.

*

ஈஎம்ஏ எனப்படும் அடுக்குக்குறி நகரும் சராசரியோடு ஒப்பிடாமல் விட முடியாது. மார்க்கெட்டில் அதுதான் ராஜா, டபிள்யூஎம்ஏ மெனுவில் கீழே கிடக்கிற பெயர்.

இருபது கேண்டில் டபிள்யூஎம்ஏவில் கடைசிக் கேண்டிலின் பங்கு 210-ல் 20. இருபது கேண்டில் ஈஎம்ஏவில் 21-ல் 2. இரண்டும் ஒன்றேதான், ஏறக்குறைய 9.5 சதவீதம். ஆகவே 'ஈஎம்ஏ புதிய விலைக்கு அதிக முக்கியத்துவம் தருகிறது' என்று வகுப்பெடுப்பவர்கள் சாதா சராசரியோடு ஒப்பிட்டால் சரி. டபிள்யூஎம்ஏவோடு ஒப்பிட்டால் தலைப்பக்கம் வித்தியாசமே இல்லை. வால்தான் வேறு. டபிள்யூஎம்ஏ இருபதாவது கேண்டிலோடு மறந்துவிடும். ஈஎம்ஏ மறக்காது. இருபதுக்கும் முந்தைய பழங்கதைக்கு மட்டும் அதில் 13.5 சதவீதம் எடை தங்கியிருக்கிறது.

அந்த வாலால் நடைமுறையில் ஒரு தொல்லை. ஒரு ஆப்பில் காட்டும் 200 ஈஎம்ஏவும் இன்னொன்றில் காட்டும் 200 ஈஎம்ஏவும் சில ரூபாய் முன்பின் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்தது அது. டபிள்யூஎம்ஏவில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. விலைகள் ஒன்றாக இருந்தால் விடை உலகம் முழுக்க ஒன்றுதான். கையால் சரிபார்க்கவும் முடியும்.

*

தாமதம். விலை தினம் சீராகப் பத்து ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இருபது நாள் சாதா சராசரி விலைக்கு 95 ரூபாய் கீழே ஓடும். டபிள்யூஎம்ஏ 63 ரூபாய் கீழே. நிலைபெற்ற பிறகு ஈஎம்ஏ? அதுவும் 95 ரூபாய். நம்ப மாட்டார்கள், ஆனால் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. பழைய வால் இழுத்துப் பிடித்திருக்கிறது.

சரி, டபிள்யூஎம்ஏ ஜெயித்துவிட்டதா? அவசரம் வேண்டாம். இருபதுக்குப் பதில் பதினான்கு நாள் சாதா சராசரியைப் போடுங்கள். தாமதம் 65 ரூபாய். டபிள்யூஎம்ஏவுக்குக் கிட்டத்தட்ட சமம். அப்படியானால் லாபம் என்ன? கொஞ்சம் வழவழப்பு. அன்றாடச் சில்லறை ஆட்டத்தை அமுக்குவதில் இருபது நாள் டபிள்யூஎம்ஏ ஏறக்குறைய பதினைந்து நாள் சாதா சராசரிக்குச் சமம். அதாவது பதினான்கின் வேகம், பதினைந்தின் அமைதி. மொத்தச் சம்பாத்தியம் ஒரு கேண்டில், ஒன்றரை கேண்டில். நேர்மையான லாபம்தான், வாழ்க்கை மாறிவிடுகிற லாபம் இல்லை.

*

காலை 9:15. கேப் அப் ஓப்பனிங். ஐந்து நிமிடச் சார்ட்டில் இருபது கேண்டில் கோடு இன்னும் நேற்றைய விலைகளையே மென்றுகொண்டிருக்கும். எப்போது இன்றைக்கு வந்து சேரும்?

டபிள்யூஎம்ஏவில் ஆறு கேண்டில் முடிந்ததும், அதாவது 9:45-க்கு, இன்றைய விலைகளின் எடை 20+19+18+17+16+15, மொத்தம் 105. 210-ல் சரிபாதி. இவ்வளவு சுத்தமாக விழுகிற கணக்கு அபூர்வம். சாதா சராசரி பாதிக்கு வர 10:05 ஆகும். ஈஎம்ஏ 9:50 வாக்கில் பாதியைத் தாண்டும். முதல் இரண்டும் 10:55-க்கு முழுக்க இன்றையதாகிவிடும். ஈஎம்ஏவில் அப்போதும் பழைய விலைகளின் 13.5 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

9:45-க்கு முன் இந்தக் கோட்டை வைத்து முடிவெடுப்பவர் பாதிக்கு மேல் நேற்றைய மார்க்கெட்டில் வர்த்தகம் செய்கிறார். முதல் அரைமணி நேரம் கோட்டை அணைத்துவைப்பது என் வழக்கம். கண்ணுக்குத் தெரிந்தால் கை சும்மா இருக்காது.

*

எடையிட்ட சராசரி டிரேடர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 1904-ல் ஸ்பென்சர் என்பவர் வெளியிட்ட பதினைந்து உறுப்புச் சூத்திரத்தை இன்ஷூரன்ஸ் கணக்காளர்கள் இறப்பு விகித அட்டவணையைச் சமன்செய்யப் பயன்படுத்தினார்கள். நடு உறுப்புக்கு எடை 74, இரு பக்கமும் 67, 46, 21, 3 என்று இறங்கி, கடைசி மூன்றுக்கு மைனஸில் -5, -6, -3, வகுப்பது 320-ஆல். எவ்வளவு நேர்த்தி! தாமதமே இல்லை. ஆனால் அது நடுவில் நின்று இரு பக்கமும் பார்க்கிறது. 40 வயதின் விகிதத்தைத் திருத்த 33-ம் வேண்டும், 47-ம் வேண்டும். அவர்களிடம் இரண்டும் இருந்தன.

டிரேடரிடம் வலதுபக்கப் பாதி இல்லை. டபிள்யூஎம்ஏ உட்பட சார்ட்டில் இருக்கும் எல்லாச் சராசரிகளும் இடதுபக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடுவை ஊகிக்கிற முயற்சிதான். தாமதம் சூத்திரத்தின் குறை இல்லை. இல்லாத பாதிக்குக் கொடுக்கிற விலை.

*

ஸ்லட்ஸ்கியைப் படித்தபிறகு சார்ட்டைப் பழையபடி பார்க்க முடியவில்லை. மாஸ்கோவில் கொந்த்ராத்தியெவ் நடத்திய பொருளாதாரச் சுழற்சி ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். 1927-ல் அவர் செய்தது இது: அரசாங்க லாட்டரியில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை எடுத்துப் பத்துப் பத்தாக நகரும் கூட்டல் போட்டார். தாறுமாறான எண்களிலிருந்து அலை அலையாக ஏற்ற இறக்கம் எழுந்து வந்தது. அதை 1855 முதல் 1877 வரையிலான இங்கிலாந்து வணிகச் சுழற்சிக் குறியீட்டின் மேல் வைத்துக் காட்டினார். இரண்டும் திகைக்கவைக்கும் அளவு ஒத்துப்போயின. 1937-ல் எகனாமெட்ரிகா இதழ் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது.

நகரும் சராசரி அலையைக் கண்டுபிடிக்கும் கருவி மட்டும் இல்லை, உண்டாக்கும் கருவியும்கூட. கோடு அழகாக வளைந்து ஏறி இறங்குகிறது என்பதாலேயே மார்க்கெட்டில் அப்படி ஒரு வளைவு இருந்தாக வேண்டியதில்லை. எக்செல்லில் ரேண்ட் போட்டு ஐந்நூறு எண்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 0.5 கழித்து, கூட்டிக்கொண்டே போய், அதன்மேல் இருபது டபிள்யூஎம்ஏ ஓட்டினால் போதும். அருமையான டிரெண்ட், அருமையான சப்போர்ட், கிராஸ் ஓவர் எல்லாம் கிடைக்கும். பெயரை மறைத்து ஒரு டெக்னிக்கல் அனலிஸ்டிடம் கொடுத்தால் டார்கெட்டும் ஸ்டாப் லாஸும் சொல்லுவார்.

*

ஹல் சராசரி. 2005-ல் ஆஸ்திரேலியாவின் ஆலன் ஹல் செய்தது. முழுக்க டபிள்யூஎம்ஏக்களால் கட்டிய வீடு: 16 கேண்டிலுக்கு என்றால் 8 டபிள்யூஎம்ஏவை இரட்டித்து 16 டபிள்யூஎம்ஏவைக் கழி, வந்ததை 4 டபிள்யூஎம்ஏவால் வழவழப்பாக்கு. விலையோடு ஒட்டி ஓடும். விலை சட்டென்று நின்றால் கோடு அதைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பிவரும், ஏனென்றால் பழைய விலைகளுக்கு உள்ளுக்குள் மைனஸ் எடை. வெறும் டபிள்யூஎம்ஏ ஒருபோதும் தன் கணக்கில் உள்ள உச்ச விலைக்கு மேலும் போகாது, அடி விலைக்குக் கீழும் போகாது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

*

எத்தனை கேண்டில்? டிரேடிங்வியூவில் டபிள்யூஎம்ஏவைச் சேர்த்தால் 9 என்று வரும். பலர் அதை மாற்றுவதே இல்லை. மாற்றுபவர்களோ 9, 11, 13, 17 என்று போட்டுப் பார்த்துப் போன வருடத்துக்குப் பிரமாதமாகப் பொருந்திய எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். 17-ல் பிரமாதமும் 16-லும் 18-லும் பாழும் என்றால் அந்த 17-ஐத் தொடாமல் இருப்பது நல்லது.

அதோடு செலவு. பக்கவாட்டு மார்க்கெட்டில் வேகமான கோடு அடிக்கடி வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் புரோக்கரேஜ், எஸ்டிடி, முத்திரைக் கட்டணம், ஜிஎஸ்டி. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பக்கம் போன தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் வர்த்தகச் செலவாக மட்டும் ஆளுக்குச் சராசரியாக 26,000 ரூபாய் போயிருக்கிறது. அவர்களில் யார் எந்தச் சராசரியைப் போட்டிருந்தார்கள் என்று செபி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

*

எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்; எதற்கு எடை போடுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை.

முடிவு விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 மணி முதல் 3:30 வரை ஒரு பங்கில் நடந்த வர்த்தகத்தின் அளவு எடையிட்ட சராசரியைத்தான் என்எஸ்இ இத்தனை காலமாக முடிவு விலை என்று அறிவித்து வந்திருக்கிறது. தினசரி சார்ட்டில் டபிள்யூஎம்ஏ போடுகிறவர் சராசரிகளுக்குத்தான் சராசரி போடுகிறார். ஐந்து நிமிடச் சார்ட்டின் கடைசிக் கேண்டில் முடிவும் தினசரிக் கேண்டில் முடிவும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். சாஃப்ட்வேர் கோளாறு என்று கஸ்டமர் கேரை அழைக்க வேண்டாம்.

போனஸ், ஸ்பிளிட். 2024 அக்டோபர் 28 ரிலையன்ஸின் ஒன்றுக்கு ஒன்று போனஸ். விலை பாதியானது. சார்ட் ஆப்கள் பழைய விலைகளையும் பாதியாக்கிக் காட்டும். எக்ஸ்சேஞ்சின் தினசரி விலைப் பட்டியலான பவ்காப்பியை இறக்கி நாமே கணக்குப் போட்டால் கோடு மலையிலிருந்து விழும், விற்கச் சொல்லும்.

ஒரு மணி நேரச் சார்ட் இன்னும் வேடிக்கை. 9:15-லிருந்து 3:30 வரை ஆறேகால் மணி நேரம். ஆறு முழுக் கேண்டிலும் 3:15-க்குத் தொடங்கிப் பதினைந்தே நிமிடத்தில் முடியும் ஒரு குட்டைக் கேண்டிலும். டபிள்யூஎம்ஏவுக்கு நிமிடம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். மார்க்கெட் மூடியபின் இரவு உட்கார்ந்து சார்ட் பார்க்கிறவர்களுக்கு, கோட்டில் அதிகக் கனம் அந்தக் கால்மணி நேரத்துக்குத்தான். சாதா சராசரியில் அது இருபதில் ஒரு பங்கோடு நின்றிருக்கும்.

முகூர்த்த வர்த்தகமும் இதே கதைதான். 2024 தீபாவளிக்கு நவம்பர் 1, மாலை 6 முதல் 7 வரை. தினசரி சார்ட்டில் அதற்கும் முழுக் கேண்டில். லட்சுமி பூஜை முடித்துச் சாஸ்திரத்துக்கு நாலு ஷேர் வாங்கிய அந்த ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நாள் டபிள்யூஎம்ஏவில் 15-ல் 5 பங்கு. அடுத்த வர்த்தக நாள் நவம்பர் 4. நிஃப்டி 309 புள்ளி இறங்கியது. அன்றும் அந்த ஒரு மணி நேரத்துக்கு 15-ல் 4 பங்கு.